செட்டிநாட்டு வீட்டுக் குப்பை: எங்கே சேர்கிறது, எப்படிக் குறைப்பது

குப்பையைக் குறைப்பது பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சென்னை அடுக்குமாடி வீட்டை மனசில் வைத்துக்கொண்டே எழுதுகிறார்கள். பால்கனியில் ஒரு டப்பா வையுங்கள், அதில் மண்புழு விடுங்கள் என்று. நம்ம செட்டிநாட்டு வீடு அப்படியா இருக்கிறது? முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், நடுவில் வளவு (முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாம் கட்டு, அடுப்படி, கிணறு, தோட்டம். இவ்வளவு பெரிய வீட்டில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் இருப்பது ஓர் ஆச்சியும் ஐயாவும்தான், பல வீடுகளில் அவர்களும் இல்லை, பூட்டுதான். அன்றாடக் குப்பை ஒரு சின்ன வாளியைக்கூட நிறைக்காது. ஆனால் சாந்தி (அறுபதாம், எண்பதாம் கல்யாணம்), கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைப்பது) என்று ஏதாவது வந்து, சென்னையிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கிவிட்டால் மூன்று நாளில் ஒரு டிராக்டர் கொள்ளாத அளவுக்குச் சேர்ந்துவிடும். அப்புறம் பூட்டிய வீட்டைத் திறந்து ஒதுங்க வைக்கிற, அதாவது சுத்தம் செய்து ஒழுங்குபடுத்துகிற, நாளில் வருகிற குப்பை வேறு.

அதனால் நம்ம ஊருக்கு வழிகாட்டி எழுதினால் அன்றாடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, விசேஷத்துக்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டும். அப்படியே செய்கிறேன்.

முதலில் ஈரமும் காய்ந்ததும்

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஈரக் குப்பை காய்ந்த குப்பையைத் தொடக் கூடாது. சாம்பார் ஊறிய அட்டைப்பெட்டியை எந்தக் காயலான் கடைக்காரரும் வாங்க மாட்டார், மோர் வழிந்த செய்தித்தாள் வெறும் குப்பை, பிளாஸ்டிக் கவர் கலந்த காய்கறித் தோலை உரக்குழியில் போட்டால் உரத்தில் கவர்தான் மிஞ்சும். தனித்தனியாக இருந்தால் இரண்டுமே சரக்கு, கலந்துவிட்டால் இரண்டுமே கழிவு.

2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லியாகிவிட்டது: மட்கும் குப்பை, மட்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயகரமான கழிவு. ஊராட்சியில் வருகிற தூய்மைக் காவலரின் வண்டியிலும், காரைக்குடி மாதிரி இடங்களில் வருகிற மாநகராட்சி வண்டியிலும் பச்சை, நீலம் என்று தனித்தனி டப்பா வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாம் ஒரே பையில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தால் அந்த முடிச்சை அவிழ்த்துக் கையால் பிரிக்கிறவர் அவர்தான். அதில் என்னென்ன இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: அடுப்படியில் மூடி போட்ட ஒரு வாளி, அது ஈரத்துக்கு. பின்கட்டில் கொக்கியில் தொங்குகிற ஒரு கோணிச் சாக்கு, அது காய்ந்ததுக்கு. புதிதாக எதையும் வாங்க வேண்டாம், நம்ம வீட்டில் இல்லாத வாளியா. ஈர வாளிக்குள் பிளாஸ்டிக் கவர் விரிக்காதீர்கள், பழைய செய்தித்தாள் ஒன்றை மடித்துப் போட்டால் போதும்.

மூன்றாவதாக ஒரு பழைய பிஸ்கட் தகர டப்பா. தீர்ந்த பேட்டரி, ஃபியூஸ் போன பல்பு, காலாவதியான மாத்திரை, பிளேடு இதற்குள். சர்க்கரை இல்லாத வீடு நம்ம பக்கம் குறைவு, இன்சுலின் போடுகிற ஊசியை அப்படியே குப்பையில் போட்டால் அது தூய்மைப் பணியாளரின் கையில்தான் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் ஊசிகளைப் போட்டு, நிறைந்ததும் மூடியைத் திருகி, நீங்கள் மருந்து வாங்கும் மருத்துவமனையில் எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் பாட்டில் மேல் பெரிதாக ‘ஊசி’ என்று எழுதித் தனியாகக் கையில் கொடுங்கள். நாப்கின், படுத்திருக்கும் பெரியவர்களின் டயப்பர் இவற்றையும் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுத் தனியாகக் கொடுக்க வேண்டும். பழைய டியூப்லைட்டிலும் சுருள் பல்பிலும் பாதரசம் இருக்கிறது, உடைத்துப் போடக் கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரியைப் பழைய இரும்போடு தள்ளிவிடாமல், புதிது வாங்கும் கடையிலேயே மாற்றிக்கொண்டால் விலையிலும் குறைப்பார்கள்.

தோட்டம் இருக்கும்போது என்ன கவலை

ஈரக் குப்பை வீட்டு வாசலைத் தாண்டவே தேவையில்லை. இவ்வளவு பெரிய தோட்டத்தை வைத்துக்கொண்டு கத்திரிக்காய்க் காம்பை வண்டியில் ஏற்றி அனுப்புவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இரண்டு பானை வேண்டும். மானாமதுரை நம்ம மாவட்டத்தில்தான் இருக்கிறது, அங்கே செய்கிற மண்பானைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. கொஞ்சம் வாய் உடைந்த பானையாக இருந்தால் இன்னும் மலிவு. பக்கவாட்டிலும் அடியிலும் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, செங்கல் மேல் நிழலில் வையுங்கள். அடியில் இரண்டு அங்குலம் தேங்காய் நார். அதன் மேல் அன்றன்றைக்குச் சேரும் காய்கறித் தோல், டீத்தூள், காப்பிச் சக்கை, பூஜைப் பூ, நசுக்கிய முட்டை ஓடு. ஒரு கை ஈரம் போட்டால் அதன் மேல் இரண்டு கை சருகு, இதுதான் கணக்கு. ஆரம்பத்தில் ஒரு கரண்டி புளித்த மோரோ கொஞ்சம் சாணிக் கரைசலோ விட்டால் சீக்கிரம் வேலை தொடங்கும். வாரம் ஒரு தடவை குச்சியால் கிளறிவிட வேண்டும், காற்று போகாவிட்டால் அழுகும்.

நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் உரப்பானை நாறுகிறது என்றுதான் புகார் வரும், இங்கே சித்திரை வைகாசியில் அது சுக்காகக் காய்ந்து, எறும்பு புற்று வைத்துவிடும். எறும்பு வந்தால் ஈரம் போதவில்லை என்று அர்த்தம், அரிசி கழுவிய தண்ணீரைத் தெளியுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், சருகைப் போடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், சொட்டக் கூடாது. ஐப்பசி கார்த்திகை மழைக்கு மூடி போட்டுவிடுங்கள். வெள்ளைப் புழு நெளிவதைப் பார்த்துப் பயந்து கொட்டிவிடாதீர்கள், அது பாட்டுக்குத் தின்று வேலையை முடித்துவிட்டுப் போகும். ஒரு பானை நிறைந்ததும் அதை ஆறப்போட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்கினால், முதல் பானை ஏறக்குறைய இரண்டு மாதத்தில் கறுப்பாக, பொலபொலவென்று, மழை மண் வாசனையோடு இருக்கும்.

சருகுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். மாசி பங்குனியில் வேப்பமரம் கொட்டுகிற சருகை இரண்டு சாக்கில் அமுக்கி வைத்தால் வருஷம் முழுக்கக் காணும். அதைத்தான் காலையில் தெருவைக் கூட்டி, நடுவில் கிடக்கிற பாலிதீனோடு சேர்த்துக் கொளுத்துகிறோம். வெறும் சருகுப் புகையே ஆஸ்துமாக்காரர்களைப் படுத்தும், கூடவே பிளாஸ்டிக்கும், முக்கியமாக பிவிசி வயரும் குழாய்த் துண்டும் எரிந்தால் டயாக்சின் என்கிற நஞ்சு கிளம்பும். கொளுத்துகிற பழக்கத்தை விட்டாலே போதும், மற்றதெல்லாம் அப்புறம்.

எலும்பையும் மீன் செதிலையும் பானையில் போடாதீர்கள், நாயும் பூனையும் பானையை உருட்டிவிடும். நம்ம வீட்டு ஞாயிற்றுக்கிழமை பற்றித் தெரியாதா, அன்றைக்குச் சேர்வதைத் தென்னை மரத்தடியில் இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். மீன் கழிவுக்கு இன்னும் நல்ல வழி உண்டு: கழிவின் எடைக்குச் சம எடை வெல்லம் சேர்த்து ஒரு பாட்டிலில் இறுக மூடி நிழலில் வைத்தால், மூன்று நான்கு வாரத்தில் தேன் மாதிரி ஒரு திரவம் வடியும். லிட்டர் தண்ணீருக்கு ஐந்து முதல் பத்து மில்லி கலந்து முருங்கை, கறிவேப்பிலை, மல்லிகை எதற்கும் தெளிக்கலாம். இயற்கை விவசாயிகள் மீன் அமிலம் என்று சொல்வது இதைத்தான்.

மிச்சச் சோறு பற்றி ஆச்சிகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய சோறு, கூழ், வற்றல் எல்லாம் அவர்கள் கண்டுபிடித்ததுதான்.

காய்ந்ததில் எது காசாகும், எது ஆகாது

பேப்பர், அட்டை, இரும்பு, அலுமினியம், பித்தளை, கெட்டி பிளாஸ்டிக், பால் கவர் இவை எல்லாம் விலை போகும். ‘பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவிக்கொண்டு வந்த காலத்திலிருந்து நம்ம ஊரில் மறுசுழற்சி என்று நடப்பதெல்லாம் இந்தப் பழைய சாமான்காரர்களால்தான் நடக்கிறது. அவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுவதை விட்டுவிட்டு, சாமானைச் சுத்தமாகவும் பிரித்தும் வைத்துக் கொடுங்கள், அவரே நல்ல விலை சொல்வார்.

பால் கவரைப் பற்றிக் கொஞ்சம். மூலையை வெட்டும்போது முழுசாகத் துண்டித்துவிடாமல் தொங்கவிடுங்கள், அந்தச் சின்ன முக்கோணத் துண்டை யாரும் பொறுக்க மாட்டார்கள், நேராகச் சாக்கடைக்குப் போகும். கவரை ஒரு அலசு அலசி (அந்தத் தண்ணீர் செடிக்கு), கொடியில் கிளிப் போட்டால் நம்ம வெயிலுக்குப் பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். நூறு சேர்ந்ததும் கட்டிப் போடலாம்.

பாட்டில், டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 தண்ணீர் பாட்டில், 2 ஷாம்பு, பினாயில் மாதிரி கெட்டி டப்பா, 4 பால் கவர், 5 ஓட்டலில் பார்சல் தருகிற கறுப்பு டப்பாவும் தயிர் டப்பாவும். இவற்றை எடுப்பார்கள். 6 என்று போட்ட தெர்மாகோலையும், பல அடுக்கு ஒட்டிய சிப்ஸ், பிஸ்கட், ஷாம்பு சாஷேக்களையும் தொட மாட்டார்கள். உள்ளே வெள்ளி மாதிரி மின்னினால் காசு வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் சுத்தமாக, காய்ந்ததாகத் தனியே கொடுத்தால், ஊராட்சியும் மாநகராட்சியும் சேர்த்துச் சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாக அனுப்ப வழி இருக்கிறது. கலந்து கொடுத்தால் கிடங்கில் மலையாகக் கிடக்கும்.

மெல்லிய கவருக்கு இன்னொரு வழியை மதுரையிலேயே கண்டுபிடித்தார்கள். தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், சாலைக்குப் போடும் ஜல்லியைச் சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கி, அதன் மேல் துண்டாக்கிய கழிவு பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி ஜல்லியில் பூச்சாக ஒட்டிக்கொள்ளும், அப்புறம் தார் கலந்தால் சாலை உறுதியாகும் என்று காட்டினார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்கும் கவர் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும், பிவிசி கலக்கக் கூடாது. திரும்பத் திரும்ப நான் ஒரே இடத்துக்கு வருகிறேன் என்று தோன்றும். என்ன செய்வது, விஷயமே அங்கேதான் இருக்கிறது.

உடைந்த கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே எழுதி, தனியாகக் கொடுங்கள். பேப்பர் கப்பைப் பேப்பரோடு சேர்க்காதீர்கள், அதன் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது.

இனி விசேஷத்துக்கு வருவோம்

300 பேர் வருகிற ஒரு சாதாரண விசேஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில், இரண்டு காப்பிக் கப்பு, ஒரு ஐஸ்கிரீம் கப்பு, ஒரு தாம்பூலப் பை என்று வைத்தாலே 1,500 உருப்படி. மேசை மேல் உருட்டுகிற பிளாஸ்டிக் தாள், பூ மாலையின் ஜிகினா, பிளக்ஸ் பேனர், மேடையின் தெர்மாகோல் எழுத்து எல்லாம் இதில் சேரவில்லை. இத்தனைக்கும் இதில் பாதி தமிழ்நாட்டில் தடை செய்த பொருள். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தாள் விரிப்பு, தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் கப்பு, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டு, பேப்பர் கப்பு, தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல், எந்தத் தடிமனாக இருந்தாலும் கேரி பேக் என்று பதினான்கு பொருளுக்குத் தடை இருக்கிறது. துணி மாதிரி இருக்கிற அந்தத் தாம்பூலப் பையும் அந்தப் பட்டியலில் உண்டு. அது துணி இல்லை, பாலிபுரோப்பிலீன். சந்தேகம் இருந்தால் ஒரு நூலை உருவித் தீயில் காட்டிப் பாருங்கள், பருத்தி சாம்பலாகும், இது உருகிச் சுருண்டு கட்டியாகும்.

இதையெல்லாம் விசேஷத்தன்று சரிசெய்ய முடியாது. சமையல் மாஸ்டரிடம் முன்பணம் கொடுக்கிற அன்றே பேசிவிட வேண்டும். அவர் கொடுக்கிற பட்டியலில் கடைசியில் ‘டிஸ்போசபிள்’ என்று ஒரு வரி இருக்கும், அதை அடித்துவிட்டு, எவர்சில்வர் டம்ளரும் கழுவ இரண்டு ஆளும் என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு ஆள் கூலி, பாட்டில் தண்ணீருக்கும் கப்புக்கும் கொடுக்கிற காசை விடக் குறைவாகத்தான் வரும். வேண்டுமானால் உங்கள் பட்டியலை வைத்து நீங்களே கூட்டிப் பாருங்கள்.

டம்ளருக்கு எங்கே போவது? நல்ல கேள்வி, ஆனால் செட்டிநாட்டில் கேட்கக் கூடாத கேள்வி. சாமான் அறையைத் திறந்தால் அண்டா, குண்டான், தூக்கு, பித்தளைச் சொம்பு, மங்குச் சாமான், சம்படம் என்று ஒரு ஊருக்கே பரிமாறலாம். பெண்ணுக்குக் கொடுத்த சாமானைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு வாடகைக்குப் பிளாஸ்டிக் நாற்காலியும் காசுக்குப் பேப்பர் கப்பும் வாங்குகிற கூத்தை நாம் மட்டும்தான் செய்கிறோம். பழைய பித்தளையை எடுத்துப் புழங்கப் பயமாக இருந்தால், பங்காளி வீடுகள் நாலைந்து சேர்ந்து 300 எவர்சில்வர் டம்ளர், 300 கிண்ணம், நாலு பெரிய தண்ணீர் டிரம் வாங்கி ஒரு வீட்டில் வையுங்கள். யார் வீட்டில் விசேஷமோ அவர்கள் எடுத்துப் போய், கழுவி, எண்ணி, திருப்பி வைக்கட்டும். ஒரு நோட்டில் எழுதி வைப்பது முக்கியம், நோட்டுப் போடாமல் எதுவும் நம்ம ஊரில் நிலைக்காது. மொய் எழுதுகிற கைக்கு இது ஒரு வேலையா.

சாப்பாட்டுக்கு வாழை இலைதான், அதில் சந்தேகம் இல்லை. இலை மாதிரி வெட்டிய பச்சைப் பேப்பர் இலை வேண்டாம், அதிலும் பூச்சு. எச்சில் இலை எடுக்கிற இடத்தில்தான் முக்கால்வாசி காரியம் கெடுகிறது, எப்படியென்றால் இலையோடு சேர்த்து பாட்டில், கப்பு, ஊறுகாய் பாக்கெட், டிஷ்யூ எல்லாவற்றையும் ஒரே சுருட்டாகச் சுருட்டி டிரம்மில் போட்டுவிடுகிறார்கள். அந்த டிரம்மை ஊருக்கு வெளியே கொட்டினால் மாடு வந்து சாம்பார் வாசனைக்குக் கவரையும் சேர்த்து விழுங்கும். கவர் அதன் முன்வயிற்றிலேயே தங்கிச் செரிமானத்தை அடைத்துவிடும். இலை எடுக்கும் ஆட்களிடம் மூன்று டிரம் கொடுங்கள், ஒன்று இலைக்கு, ஒன்று மிச்சச் சோறு குழம்புக்கு, ஒன்று பாட்டில் கவருக்கு. டிரம் பக்கத்தில் வீட்டுப் பையன் ஒருவனை நிற்கவையுங்கள். எழுதி ஒட்டினால் யாரும் படிப்பதில்லை, ஆள் நின்றால் சரியாகப் போடுவார்கள்.

இலையைத் தோட்டத்திலேயே முடிக்கலாம். நாலடி நீளம், நாலடி அகலம், மூன்றடி ஆழத்தில் குழி. இலையை முழுசாகப் போட்டால் அது ஒன்றன் மேல் ஒன்று பாய் மாதிரி ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்து நாறும், அதனால் அரிவாளால் இரண்டு மூன்றாக வெட்டிப் போடுங்கள். அரையடி இலை, அதன் மேல் சருகு, சாணிக் கரைசல், ஒரு கூடை மண், மறுபடி இலை. கடைசியில் மண்ணால் மூடி மேலே தென்னங்கீற்றுப் போட்டுவிட்டால் மூன்று நான்கு மாதத்தில் குழி பாதியாக இறங்கியிருக்கும். மிச்சமான நல்ல சாப்பாட்டை, எச்சில் படாததை, மதியம் இரண்டு மணிக்குள் கொடுத்துவிட வேண்டும், சாயங்காலம் வரை வைத்துவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போன் போடுவதில் புண்ணியம் இல்லை. யாருக்குக் கொடுப்பது என்பதை முதல் நாளே பேசி வையுங்கள்.

எண்ணெய் ஒரு தனி விஷயம். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம் என்று நாலு நாளைக்கு முன்பே அடுப்பு மூட்டுகிற ஊர் இது. சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் கெடுதலான பொருள்கள் சேர்கின்றன. அந்த மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்தே விதி வைத்திருக்கிறது. வீட்டில் அதை அளக்க முடியாது, கறுத்து, நுரைத்து, பிசுபிசுத்தால் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், குழாயில் கட்டியாக உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆறவைத்து வடிகட்டி டின்னில் பிடித்து வையுங்கள். பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் ஏற்பாடு நாட்டில் நடக்கிறது, பெரிய அளவில் சமைக்கிற மாஸ்டர்களிடமும் ஓட்டல்காரர்களிடமும் கேட்டால் யார் வந்து எடுக்கிறார்கள் என்று தெரியும். அதே நேரம், எண்ணெயை வாங்கி மறுபடி வடை சுடுகிறவரிடம் விற்றுவிடாதீர்கள், இது நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

தாம்பூலப் பைக்கு என்ன செய்வது? மஞ்சப்பை இருக்கவே இருக்கிறது, அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று தொடங்கிய பிறகு மொத்தமாகத் தைத்துக் கொடுக்கிறவர்களும் எளிதாகக் கிடைக்கிறார்கள். ஒரே ஒரு வேண்டுகோள், அதன் மேல் மாப்பிள்ளை பெண் படத்தையும் தேதியையும் பெரிதாக அச்சடிக்காதீர்கள். அடுத்தவர் கல்யாணப் படம் போட்ட பையைத் தூக்கிக்கொண்டு யார் மார்க்கெட்டுக்குப் போவார்கள்? கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் கொட்டான். பனை ஓலையில் பின்னுகிற செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, பின்னுகிற பெண்களுக்கு வேலை, வாங்கிப் போகிறவர் வீட்டில் பல வருஷம் இருக்கும், கடைசியில் உரக்குழிக்குப் போனாலும் மட்கிவிடும்.

கோயில் விசேஷத்துக்கும் இதே கதைதான். முத்துமாரியம்மன் கோயிலுக்குப் பால்குடம் போகிற நாளில் தெருவுக்கு நாலு தண்ணீர்ப் பந்தல், ஒவ்வொன்றின் முன்னாலும் முழங்கால் உயரத்துக்குக் கப்பு. மோர்ப் பந்தல் வைக்கிறவர்கள் எவர்சில்வர் டம்ளரும், அலச இரண்டு அகலச் சட்டியும் வைத்தால் போதும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் இடுப்புத் துண்டில் ஒரு டம்ளரைக் கட்டிக்கொள்ளுங்கள். நகரத்தார் காவடி பல தலைமுறையாக நடந்து போகிற பாதை அது, முன்னால் போனவர்கள் யாரும் பாக்கெட்டைக் கடித்துத் துப்பிக்கொண்டு போகவில்லை.

சாமான் அறையைத் திறக்கும் நாள்

பூட்டியிருந்த வீட்டை ஒதுங்க வைப்பதற்கு இரண்டு நாள் லீவில் வருகிறவர்கள், அவசரத்தில் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். மரம், பித்தளை, கண்ணாடி, பீங்கான், பழைய படங்கள் எதுவாக இருந்தாலும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் அதற்கு ஆள் இருக்கிறது. ஒரு கடையில் மட்டும் விலை கேட்டுவிட்டுக் கொடுக்காதீர்கள். வீட்டையே இடிக்கிறீர்கள் என்றால் (அந்த முடிவைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு, அது இப்போது வேண்டாம்) பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் மட்டுமில்லாமல் ஓடு, ஆத்தங்குடிக் கல், செங்கல் எல்லாவற்றையும் உடைக்காமல் கழற்றச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். உடைந்த கல் தோட்டத்து நடைபாதைக்கு ஆகும்.

பழைய கண்டாங்கிச் சேலை கிழிந்திருந்தாலும் பருத்தி பருத்திதான், பை தைக்கலாம், மிதியடி பின்னலாம், பிள்ளைக்குத் துணி கிழிக்கலாம். பழைய கணினி, டிவி, செல்பேசி போன்றவற்றைத் தீ வைத்துச் செம்பு எடுக்கிறவரிடம் கொடுக்காமல், மின்னணுக் கழிவு எடுக்கப் பதிவு பெற்றவரிடமோ புதிது வாங்கும் கடையிலோ சேருங்கள்.

தெருவுக்கு வந்தால்

நம்ம வீடுகளைக் கட்டியவர்கள் ஓட்டில் விழுகிற மழை முற்றத்தில் இறங்கி, அண்டாவும் தொட்டியும் நிறைந்தது போக மிச்சம் தெருக் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போகிற மாதிரி கட்டினார்கள். இன்றைக்கு அந்தக் கால்வாயில் போய்ப் பாருங்கள், தண்ணீருக்கு முன்னால் கவர் ஓடுகிறது. ஒரு வரத்துக்கால் அடைத்தால் போதும், நல்ல மழை பெய்தும் ஊருணி பாதிதான் நிறையும், தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அதனால் புரட்டாசி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்கள் மண்வெட்டியோடு இறங்குவது நல்லது. எடுத்ததைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போகக் கூடாது, முதல் மழையில் திரும்ப உள்ளே போய்விடும்.

பூட்டிய வீட்டின் பின்வாசலும் காலி மனையும்தான் தெருவின் குப்பைத் தொட்டியாகிவிடுகின்றன. வெளியூரில் இருக்கும் உரிமையாளருக்கு நல்லபடியாகச் சொல்லி, வீடு பார்த்துக்கொள்கிறவரிடம் மாதம் ஒரு தடவை பின்பக்கத்தைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்களுக்கு விஷயமே தெரிந்திருக்காது, ஒரு போட்டோ அனுப்பினால் பணம் அனுப்பிவிடுவார்கள்.

அதற்கும் மேல் போக வேண்டுமென்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. ‘ஊரைச் சுத்தமாக வைக்க வேண்டும்’ என்று பொதுவாகப் பேசினால் எல்லாரும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். எந்தத் தெருவில் எந்தக் கிழமை வண்டி வர வேண்டும், பிரித்துக் கொடுத்த காய்ந்த குப்பை எந்தக் கொட்டகைக்குப் போகிறது, உரமாக்கிய உரம் யாருக்கு என்ன விலைக்குக் கிடைக்கும், எந்த ஊருணியின் வரத்துக்கால் யார் செலவில் தூர் வாரப்படும் என்று நாலு கேள்வியை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள், கீழே தெருக்காரர்கள் கையெழுத்துப் போடட்டும். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். தூய்மைக் காவலர்களுக்குக் கையுறையும் காலுறையும் கொடுத்தார்களா என்பதையும் அங்கேயே கேளுங்கள், அவர்கள் அந்தக் கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்குவார்கள்.